2008–2012 ஸ்பெயினும் இன்றைய அர்ஜென்டினாவும்: ஒரே வரிசையில் வைக்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஸ்பெயின் 2008-இல் யூரோ கோப்பையையும், 2010-இல் உலகக் கோப்பையையும், 2012-இல் மீண்டும் யூரோ கோப்பையையும் வென்றது. அர்ஜென்டினா 2021-இல் கோப்பா அமெரிக்காவையும், 2022-இல் உலகக் கோப்பையையும், 2024-இல் மீண்டும் கோப்பா அமெரிக்காவையும் வென்றிருக்கிறது. கண்டத்தின் பட்டம், உலகப் பட்டம், மறுபடியும் கண்டத்தின் பட்டம் என்று வரிசைகூட மாறவில்லை.

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை என்பதுதான் என்னை இந்தக் கேள்விக்குக் கொண்டுவந்தது. ஸ்பெயின் 35 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் இருந்து, 2009-ஆம் ஆண்டுக் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையின் அரையிறுதியில் அமெரிக்காவிடம் 0–2 என்று தோற்றது. அர்ஜென்டினா 36 ஆட்டங்களில் தோற்காமல் வந்து, 2022 நவம்பர் 22 அன்று லுசைல் மைதானத்தில் சவூதி அரேபியாவிடம் 1–2 என்று தோற்றது. இரண்டு அணிகளுமே தாங்கள் வென்ற உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் தோற்றவை. டர்பனில் சுவிட்சர்லாந்திடம் 0–1 என்று தோற்ற ஸ்பெயின் அதன்பின் ஆறு ஆட்டங்களையும் வென்று கோப்பையைத் தூக்கியது. அர்ஜென்டினாவும் சவூதிக்குப் பிறகு எவரிடமும் தோற்கவில்லை.

ஆனாலும் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், "ஸ்பெயின் எதிரணியை ஆடவே விடாத அணி, அர்ஜென்டினா பெனால்டி ஷூட் அவுட்டில் தப்பிப் பிழைத்த அணி" என்ற பதிலே கிடைக்கிறது. ஷாவியும் இனியெஸ்டாவும் ஆடிய நடுகளத்தையும், மெஸ்ஸியைச் சுற்றிலும் தே பால், என்சோ ஃபெர்னாண்டஸ், மாக் அலிஸ்டர் ஓடி உழைக்கும் நடுகளத்தையும் நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பதில் முழு நியாயமாகப் படவில்லை. இன்றைய அர்ஜென்டினாவை அந்த ஸ்பெயினுக்கு நிகராக மதிக்கலாமா? மதிக்கக் கூடாதென்றால் உண்மையான காரணம் எது? எண்ணிக்கைகளோடு விளக்கினால் நன்றியுடன் படிப்பேன்.

பதில் 1

நல்ல கேள்வி. எண்ணிக்கைகளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விவாதத்தில் பலரும் நினைவில் தங்கிய காட்சிகளை வைத்தே வாதிடுகிறார்கள்.

ஸ்பெயின் மூன்று பட்டங்களுக்காக 19 ஆட்டங்கள் ஆடி 32 கோல்கள் அடித்தது, 6 கோல்கள் மட்டுமே வாங்கியது. அர்ஜென்டினா 20 ஆட்டங்களில் 36 கோல்கள் அடித்து 12 கோல்கள் வாங்கியது. அடித்த கோல்களில் அர்ஜென்டினா சற்று முன்னே நிற்கிறது. வாங்கிய கோல்களில் ஸ்பெயின் பாதியோடு நின்றுவிட்டது. தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட் ஆட்டங்களை மட்டும் பிரித்து எடுத்தால் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். இரண்டு அணிகளும் மூன்று தொடர்களிலும் சேர்த்துச் சரியாகப் பத்து நாக் அவுட் ஆட்டங்களை ஆடியிருக்கின்றன. அந்தப் பத்தில் அர்ஜென்டினா 8 கோல்களை வாங்கியது. ஸ்பெயின் ஒரு கோல்கூட வாங்கவில்லை. இத்தாலி, ரஷ்யா, ஜெர்மனி, போர்ச்சுகல், பராகுவே, நெதர்லாந்து, பிரான்ஸ் ஆகிய அணிகளில் எதுவும், கூடுதல் நேரங்களையும் சேர்த்து, கோல்கீப்பர் காசியாஸைத் தாண்டி ஒரு பந்தைக்கூட வலைக்குள் செலுத்த முடியவில்லை. என்னைக் கேட்டால், நாட்டு அணிகளின் வரலாற்றில் இதற்கு ஈடாக எதையும் வைக்கத் தயங்குவேன்.

இதைத் தடுப்பாட்டத்தின் பெருமை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2010-இல் ஸ்பெயின் ஏழு ஆட்டங்களில் அடித்தது மொத்தம் 8 கோல்கள்தான். உலகக் கோப்பை வென்ற அணிகளில் மிகக் குறைவான கோல்கள் அவை. நாக் அவுட் ஆட்டங்கள் நான்கையும் 1–0 என்றே வென்றார்கள். அந்தக் கோல்கள் எப்போது விழுந்தன என்று பாருங்கள். போர்ச்சுகலுக்கு எதிராக வில்லா 63-ஆவது நிமிடத்தில் அடித்தார். பராகுவேக்கு எதிராகவும் அவரே கடைசிப் பத்து நிமிடங்களுக்குள் அடித்தார். ஜெர்மனிக்கு எதிராக புயோல் 73-ஆவது நிமிடத்தில் தலையால் முட்டினார். இறுதியில் இனியெஸ்டா 116-ஆவது நிமிடத்தில் அடித்தார். எதிரணியை ஒரு மணி நேரம் பந்தின் பின்னால் ஓடவிட்டு, கால்கள் சோர்ந்த பிறகு கோல் அடித்து, அதன்பின் பந்தையே காட்டாமல் ஆட்டத்தை முடிப்பதுதான் அவர்கள் முறை. பந்தைக் கையாள்வதே அவர்களுக்குத் தற்காப்பாகவும் இருந்தது.

அர்ஜென்டினாவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. 2022 காலிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக 2–0 என்று முன்னிலை பெற்றும், வெக்ஹோர்ஸ்ட் 83-ஆவது நிமிடத்திலும் கூடுதலாகத் தரப்பட்ட நிமிடங்களின் கடைசி மூச்சிலும் அடித்த கோல்களால் அந்த முன்னிலையை இழந்தார்கள். இறுதியாட்டத்தில் பிரான்ஸுக்கு எதிராக 80-ஆவது நிமிடம் வரை 2–0 என்று ஆட்டத்தை முழுவதுமாகத் தங்கள் பிடியில் வைத்திருந்தவர்கள், எம்பாப்பேயின் இரண்டு நிமிடங்களில் அனைத்தையும் தொலைத்தார்கள். மீண்டும் 3–2 என்று முன்னேறி, 118-ஆவது நிமிடத்தில் மீண்டும் தொலைத்தார்கள். அந்த ஸ்பெயின் எந்த நாக் அவுட் ஆட்டத்திலும் பெற்ற முன்னிலையை விட்டுக்கொடுத்ததே இல்லை. ஆகவே, ஆட்டத்தின் மீது வைத்திருந்த ஆளுமை என்ற அளவுகோலில் ஸ்பெயின் ஒரு படி மேலே நிற்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் "பெனால்டியில் பிழைத்த அணி" என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். முதலாவதாக, ஸ்பெயினும் அந்தக் கதவு வழியாக இரண்டு முறை வந்த அணிதான். 2008 காலிறுதியில் இத்தாலியுடன் 0–0 என்று முடிந்தபோது காசியாஸ் தே ரோஸியின் உதையையும் தி நதாலேயின் உதையையும் தடுத்திராவிட்டால், நாம் இன்று பேசும் பேரரசு தொடங்கியே இருக்காது. 2012 அரையிறுதியில் போர்ச்சுகலுக்கு எதிராக மொட்டின்யோவின் உதையைத் தடுத்தவரும் அவரே. இரண்டாவதாக, அர்ஜென்டினா நான்கு ஷூட் அவுட்களைச் சந்தித்து நான்கையும் வென்றது: 2021-இல் கொலம்பியா, 2022-இல் நெதர்லாந்தும் பிரான்ஸும், 2024-இல் எக்வடோர். அந்த நான்கில் எமிலியானோ மார்ட்டினஸ் தடுத்த உதைகள் 3, 2, 1, 2 என்று மொத்தம் எட்டு. எக்வடோருக்கு எதிரான ஷூட் அவுட்டில் மெஸ்ஸியே முதல் உதையைக் குறுக்குக் கம்பத்தில் அடித்துத் தவறவிட்ட பிறகும், அடுத்தடுத்து இரண்டு உதைகளைத் தடுத்து மார்ட்டினஸ் அணியைக் கரையேற்றினார். ஒரு முறை நடந்தால் நல்வாய்ப்பு எனலாம். நான்கு முறையும் ஒரே கோல்கீப்பர் அதையே செய்யும்போது அது அணியின் வலிமைகளில் ஒன்றாகக் கணக்கிடப்பட வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அர்ஜென்டினாவுக்கு நான் அதிக மதிப்பெண் தருவது அங்கேதான். 2010 இறுதியில் களமிறங்கிய ஸ்பெயின் வீரர்கள் பதினொருவரில் பிக்கே, புயோல், புஸ்கெட்ஸ், ஷாவி, இனியெஸ்டா, பெத்ரோ ஆகிய ஆறு பேர் பார்சிலோனாவில் ஆடியவர்கள்; அதே அணியில் சேர ஒப்பந்தமாகியிருந்த வில்லாவையும் சேர்த்தால் ஏழு. காசியாஸ், ராமோஸ், அலோன்சோ ரியல் மாட்ரிட்டைச் சேர்ந்தவர்கள். கப்தேவிலா மட்டும் வில்லாரியல். பதினொருவரும் மூன்று கிளப்புகளுக்குள் அடங்கிவிட்டார்கள். ஆண்டு முழுவதும் சேர்ந்து ஆடிப் பழகிய கால்களைப் பயிற்சியாளர் தெல் போஸ்கே அப்படியே நாட்டு அணிக்குக் கொண்டுவர முடிந்தது. 2022 இறுதியைத் தொடங்கிய அர்ஜென்டினா வீரர்கள் பதினொருவரோ ஒன்பது கிளப்புகளிலிருந்து வந்தவர்கள். ஆஸ்டன் வில்லா, டாட்டன்ஹாம், பென்ஃபிக்கா, லியோன், அத்லெட்டிகோ மாட்ரிட், பிரைட்டன், பாரிஸ், மான்செஸ்டர் சிட்டி, யுவென்டஸ் என்று சிதறிக் கிடந்தவர்களை, ஆண்டுக்குச் சில வாரங்களே கிடைக்கும் பயிற்சி முகாம்களில் ஸ்கலோனி ஒரே அணியாகப் பிணைத்திருக்கிறார். ஒரு நாட்டு அணியின் பயிற்சியாளர் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடக் கடினமானது இல்லை என்று நான் கருதுகிறேன்.

எனவே என் தீர்ப்பு இது: பட்டங்களில் சமம், ஆட்டத்தின் தரத்தில் ஸ்பெயின் மேல், அணியைக் கட்டியெழுப்பிய அருமையில் அர்ஜென்டினா மேல். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அந்தப் பத்து ஆட்டங்களுக்காக ஸ்பெயினைத் தேர்ந்தெடுப்பேன்.

பதில் 2

மேலே எழுதிய நண்பரின் கணக்குகள் சரியானவை. ஆனால் "பட்டங்களில் சமம்" என்ற இடத்தில் நான் உடன்படவில்லை. யூரோ கோப்பையும் கோப்பா அமெரிக்காவும் ஒரே எடை உள்ளவை என்று எடுத்துக்கொண்டால்தான் அந்தச் சமம் வரும்.

2021 கோப்பா அமெரிக்காவில் பங்கேற்றவை பத்து அணிகள். ஐந்து அணிகள் கொண்ட இரண்டு பிரிவுகளில் ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு அணிகள் காலிறுதிக்குப் போயின. முதற்கட்டம் முழுவதும் ஆடி முடித்து வெளியேறியவை இரண்டே அணிகள். 2008, 2012 யூரோ கோப்பைகளில் 16 அணிகள் ஆடின, பாதி அணிகள் முதற்கட்டத்திலேயே வீடு திரும்பின. 2024 கோப்பாவில் வட, நடு அமெரிக்க அணிகளையும் சேர்த்து 16 ஆக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் அர்ஜென்டினா கடந்துவந்த வழியைப் பாருங்கள்: கனடா, சிலி, பெரு, எக்வடோர், மறுபடியும் கனடா, இறுதியில் கொலம்பியா. பிரேசிலையும் சந்திக்கவில்லை, உருகுவேயையும் சந்திக்கவில்லை. ஸ்பெயின் 2012-இல் இத்தாலியை இரண்டு முறை சந்தித்து, பிரான்ஸையும் போர்ச்சுகலையும் தாண்டி, கீவ் நகரில் நடந்த இறுதியை 4–0 என்று முடித்தது. அந்தத் தொடரில் புயோலும் வில்லாவும் காயத்தால் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். முன்கள வீரர் ஒருவர்கூட இல்லாமல் ஃபாப்ரிகாஸை முன்னே நிறுத்தி ஆட்டத்தைத் தொடங்கியே இத்தாலியை அந்த அளவில் வென்றார்கள்.

2022 உலகக் கோப்பையைப் பற்றியும் ஒரு சொல். அர்ஜென்டினாவுக்கு அந்தத் தொடரில் ஆட்ட நேரத்துக்குள் ஐந்து பெனால்டிகள் கிடைத்தன. மெஸ்ஸி நான்கை கோலாக்கினார். அவற்றை அநியாயமானவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அணி அடித்த 15 கோல்களில் நான்கு அந்தப் புள்ளியிலிருந்து வந்தவை என்பதைக் கோல் எண்ணிக்கையை ஒப்பிடும்போது மனத்தில் கொள்ள வேண்டும். 2010-இல் ஸ்பெயின் அடித்த எட்டும் ஓடும் ஆட்டத்திலோ கார்னரிலோ வந்தவை.

ஒன்றை மட்டும் தயங்காமல் ஒப்புக்கொள்வேன். 2021 ஜூலை 10 அன்று மரக்கானா மைதானத்தில், பிரேசிலின் சொந்த மண்ணில், தி மரியாவின் ஒரே கோலால் பெற்ற வெற்றி எந்த யூரோ இறுதிக்கும் குறைந்ததல்ல. 1993-க்குப் பிறகு 28 ஆண்டுகள் பட்டமே இல்லாமல், 2014, 2015, 2016 என்று மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து இறுதிவரை வந்தும் கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போன அணி, அந்தச் சுமையோடு அங்கே போய் வென்றது.

பதில் 3

கோப்பா அமெரிக்காவை மட்டும் எடைபோட்டுத் தென் அமெரிக்காவை மதிப்பிடுவது பாதிக் கணக்கு. தகுதிச்சுற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்பெயின் 2010 உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் பத்துக்குப் பத்து வென்றது. 2012 யூரோவுக்கான தகுதிச்சுற்றில் எட்டுக்கு எட்டு வென்றது. இது வியக்கத்தக்கதே. ஆனால் எதிரில் இருந்தவை போஸ்னியா, துருக்கி, பெல்ஜியம், ஆர்மீனியா, எஸ்தோனியா. அடுத்த முறை செக் குடியரசு, ஸ்காட்லாந்து, லித்துவேனியா, லீக்டன்ஸ்டைன். அன்றைய பெல்ஜியம் பின்னாளில் எழுச்சி பெற்ற பெல்ஜியம் அல்ல. தென் அமெரிக்காவில் பத்து அணிகளும் ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் சொந்த மண்ணிலும் எதிரியின் மண்ணிலும் ஆடியாக வேண்டும். பிரேசிலைத் தவிர்க்கவும் முடியாது, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,600 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கும் பொலிவியாவின் லா பாஸைத் தவிர்க்கவும் முடியாது. அர்ஜென்டினா 2022-க்கான சுற்றில் 17 ஆட்டங்களிலும் தோற்கவில்லை. 2026-க்கான சுற்றில் லா பாஸில் 3–0 என்று வென்றது, 18 ஆட்டங்களில் 38 புள்ளிகள் பெற்று, இரண்டாமிடத்தைவிட 9 புள்ளிகள் கூடுதலாக எடுத்து முதலிடத்தில் முடித்தது. கோப்பாவில் பிரேசிலைச் சந்திக்கவில்லை என்ற குறையை இந்த அட்டவணை பெருமளவு நிரப்பிவிடுகிறது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. கிளப்புகளின் எண்ணிக்கையைப் பற்றி எழுதப்பட்டது எனக்குப் புதிய பார்வை. அதை இதுவரை யாரும் இப்படிப் பிரித்துச் சொல்லிக் கேட்டதில்லை. ஒன்றே ஒன்றைத் தொடர்ந்து கேட்க விரும்புகிறேன். ஸ்பெயின் 2014-இல் நெதர்லாந்திடம் 1–5, சிலியிடம் 0–2 என்று தோற்று இரண்டே ஆட்டங்களில் வெளியேறியது. மெஸ்ஸிக்கு 2026 ஜூன் மாதத்தில் 39 வயது நிறைகிறது. தி மரியா 2024 கோப்பாவோடு விடைபெற்றுவிட்டார். அர்ஜென்டினாவும் அதே சரிவை நோக்கித்தான் போகிறதா? இல்லையென்றால், எந்த அடிப்படையில் இல்லை என்று சொல்லலாம்?

பதில் 1 எழுதியவரின் தொடர்ச்சி

அஞ்சுவதற்கு வரலாற்றில் போதிய காரணம் இருக்கிறது. உலகக் கோப்பையை அடுத்த முறையும் தக்கவைத்தவை இரண்டே அணிகள்: 1934, 1938-இல் இத்தாலி, 1958, 1962-இல் பிரேசில். அண்மைக் காலத்தில் 2006-இன் இத்தாலி 2010-இலும், 2010-இன் ஸ்பெயின் 2014-இலும், 2014-இன் ஜெர்மனி 2018-இலும் முதற்கட்டத்திலேயே வெளியேறின. 2018-இன் பிரான்ஸ் மட்டும் மீண்டும் இறுதிவரை வந்தது.

ஆனால் சரிவின் காரணத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். 2014-இல் நெதர்லாந்திடம் ஐந்து கோல்கள் வாங்கிய ஸ்பெயின் பதினொருவரில் ஏழு பேர் 2010 இறுதியில் தொடக்கம் முதல் ஆடியவர்கள்: காசியாஸ், பிக்கே, ராமோஸ், புஸ்கெட்ஸ், அலோன்சோ, ஷாவி, இனியெஸ்டா. பழைய வீரர்களை வைத்துக்கொண்டதால் வீழ்ந்தார்கள் என்று இதிலிருந்து முடிவு செய்வது எளிது. அர்ஜென்டினாவோ அதைவிடவும் கூடுதலாகப் பழைய வீரர்களை வைத்திருக்கிறது. 2025 மார்ச்சில் பியூனஸ் அயர்ஸ் நகரில், மெஸ்ஸியும் லவுத்தாரோவும் இல்லாமல், பிரேசிலை 4–1 என்று வென்ற ஆட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒன்பது பேர் 2022 இறுதியைத் தொடங்கியவர்கள். அந்தப் பதினொருவரில் இல்லாதவர்கள் மெஸ்ஸியும் தி மரியாவும் மட்டுமே. அவர்களுக்குப் பதிலாக பரேதெஸும் அல்மாதாவும் ஆடினார்கள்.

ஆகவே எத்தனை பேர் மாறினார்கள் என்பதைவிட, அணியின் பளுவைத் தாங்குபவர்கள் எந்த வயதில் இருக்கிறார்கள் என்று கேட்பதே பொருத்தம். 2014-இல் ஷாவிக்கு 34, காசியாஸுக்கு 33, அலோன்சோவுக்கு 32. எதிரணியை ஓடவிடும் ஆட்டத்துக்கு, பந்தை இழந்த கணமே பாய்ந்து மீட்கும் கால்களும் வேண்டும். அந்தக் கால்கள் தளர்ந்தபோது, தற்காப்பாக இருந்த பந்துவசமும் சேர்ந்தே போய்விட்டது. நெதர்லாந்தின் ராபனும் வான் பெர்சியும் அன்று ஓடியது அந்த முறை விட்டுச்சென்ற வெற்றிடத்தில்தான். பிரேசிலை வென்ற அன்று என்சோவுக்கு 24, ஹுலியான் ஆல்வாரெஸுக்கு 25, மாக் அலிஸ்டருக்கு 26. கோப்பை வென்ற ஆண்டில் அவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்ததால் இது வாய்த்தது. உண்மையில் அவர்கள் அந்தத் தொடரின் நடுவில்தான் அணிக்குள் நிலைபெற்றார்கள்: சவூதியிடம் தோற்ற பிறகு மாக் அலிஸ்டர் மெக்சிகோ ஆட்டத்திலும், என்சோவும் ஆல்வாரெஸும் போலந்து ஆட்டத்திலும் தொடக்க வீரர்களானார்கள்.

இங்கே ஸ்கலோனியின் இன்னொரு பண்பும் துணை நிற்கிறது. தெல் போஸ்கேயின் ஸ்பெயினுக்கு ஒரே முறைதான் இருந்தது. அதை நிறைவின் எல்லைவரை கொண்டுபோனார்கள், அது உடைந்தபோது மாற்று இல்லை. ஸ்கலோனி 2022-இல் நெதர்லாந்துக்கு எதிராகப் பின்வரிசையில் ஐந்து பேரை நிறுத்தினார். குரோஷியாவின் நடுகளத்தை முடக்க பரேதெஸையும் சேர்த்து நடுவில் நால்வரை வைத்தார். இறுதியில் தி மரியாவை இடது ஓரத்தில் நிறுத்தி பிரான்ஸின் வலப்பக்கத்தைக் கிழித்தார். ஒரே முறையில் கட்டுண்டு கிடக்காத அணிக்கு, ஒரு வீரர் போவதால் முறையே போய்விடும் ஆபத்து குறைவு.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. நடுத்தடுப்பு வீரர் ஒத்தமெந்திக்கு 37 வயது கடந்துவிட்டது. அவருடைய இடத்தில் ரொமேரோவுக்கு அருகே யார் நிலையாக நிற்கப் போகிறார்கள் என்பது இன்னும் தெளிவாகவில்லை. முன்னிலையை விட்டுக்கொடுக்கும் பழக்கம் உள்ள ஓர் அணிக்கு, மெஸ்ஸியின் இடத்தை யார் நிரப்புவார் என்பதைவிட இதுவே அவசரமான கேள்வி. 2026-இல் நான் முதலில் கவனிக்கப்போவது நடுத்தடுப்பில் ஸ்கலோனி எவர் இருவரை நிறுத்துகிறார் என்பதைத்தான்.